அயர்லாந்து நடிகரின் சொத்தும் எங்கள் கோயில் கூரையும்

அந்த அயர்லாந்துக்காரரின் சொத்து மதிப்பைக் கள்ளக்குறிச்சிக்கு முதலில் அறிவித்தவன் நான்தான். பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள டீக்கடையில் நின்று, கைபேசியைக் கண்ணருகே பிடித்து, டாலரை ரூபாயாக்கிச் சத்தமாகப் படித்தேன். மூன்று இணையப் பக்கங்கள் மூன்று தொகை சொல்லின. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளியில் ஒரு சர்க்கரை ஆலையைக் கட்டி ஓட்டலாம். கடையில் இருந்தவர்கள் கொஞ்சம் யோசித்தார்கள். பிறகு மூன்றில் எது பெரிதோ அதுதான் உண்மை என்று ஏகமனதாக முடிவானது. எனக்கும் ஆட்சேபம் இல்லை. மறுநாள் காலை அவருக்கு மொழிபெயர்ப்பாளனாக மலையேறப் போகிறவன் நான். என் பக்கத்து இருக்கையில் உட்காரப் போகிறவரின் விலை ஏறினால் என் சட்டைக்கும் கொஞ்சம் கஞ்சி போட்டதுபோல் இருக்கும் அல்லவா?

ஒரே வேலையில் இரண்டு மழைக்காலம் பார்த்தவனில்லை நான். ஆங்கிலத் தனிப்பயிற்சி, காப்பீட்டு முகவர், கல்யாணப் பத்திரிகைக்கு வாசகம் எழுதுவது என்று காற்றில் போகும் பஞ்சுபோல எங்கெங்கோ ஒட்டி எங்கெங்கோ பிய்ந்தவன். நடுவில் வசன கவிதை. நகலெடுக்கும் கடைக்காரருக்கு நான் ஒரு முறை ஆங்கிலத்தில் மனு எழுதிக்கொடுத்திருந்தேன். 'இங்க்லீஷ் தெரிஞ்ச ஆளு வேணும்' என்று சினிமாக் கம்பெனி ஆட்கள் அவர் கடையில் வந்து விசாரித்தபோது அவர் என்னைக் கைகாட்டிவிட்டார். என் கவிதைகள் இருபது வருடத்தில் செய்யாததை ஒரு மனு செய்தது.

படம், மலைநாட்டில் வாழ்ந்து மடிந்த ஒரு வெள்ளைக்காரப் பாதிரியாரைப் பற்றியது. வெள்ளிமலையைத் தாண்டி, சாமை அறுத்த மேட்டில் ஒரு கல் கோயில் எழும்பியிருந்தது. முன்னால் நின்று பார்த்தால் நூறு வருடப் பாசி. பின்னால் போய்ப் பார்த்தால் ஒட்டுப்பலகையும் சவுக்குக் கம்பும். அதன் வாசலில், வெள்ளை அங்கியோடு, நீண்ட முகமும் புதர்போன்ற புருவமுமாக ஒரு கிழவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து செருப்பு வாரைத் தானே தைத்துக்கொண்டிருந்தார். அவர்தான் நம் கோடீஸ்வரர்.

எழுபதைத் தாண்டியவர். நாற்பது வருடத்துக்கு மேல் சினிமா. உலகமே பார்த்த ஒரு படத்தில் நான்கு நிமிடம் வருவாராம். அந்த நான்கு நிமிடம்தான் அவரை விமான நிலையங்களில் அடையாளம் காட்டுகிறது. நான்காவது நிமிடம் முடியும்போது சுட்டுவிடுகிறார்கள். மற்றபடி அவர் நடித்ததில் பெரும்பாலும் பாதிரியார், மீதியில் போலீஸ்காரர், அதிலும் மீதியில் சாராயக்கடை முதலாளி. எந்த வேஷமானாலும் இடைவேளையைப் பார்த்ததில்லை. "கதாநாயகனுக்குக் கோபம் வரவேண்டுமே, அதற்காக நான் சாவேன்" என்றார். இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வருத்தம் இல்லை. சுத்தமாக வேலை செய்யும் கொத்தனாரின் நிதானம் இருந்தது.

இரண்டாம் நாள் விறகுக்கட்டோடு போன இரண்டு பெண்கள் கட்டை இறக்கிவைத்துவிட்டு, முக்காடு போட்டு, 'தோத்திரம் சாமி' என்று அவர் முன்னால் நின்றார்கள். எங்கள் வேதக்கார சனம், அதாவது கிறிஸ்தவர்கள். அங்கியைக் கண்டால் கால் தானாக நின்றுவிடும். நான் ஓடிப்போய் விளக்குவதற்குள் அவர் எழுந்து, கையை உயர்த்தி, கண்ணைப் பாதி மூடி ஆசீர்வாதம் கொடுத்துவிட்டார். எத்தனை படத்தில் கொடுத்த கை. எங்கள் பங்குச் சாமியார், அடுத்த ஊர்ப் பூசைக்கு நேரமாகிவிட்ட அவசரத்தில், ஈ ஓட்டுவதுபோல் கொடுப்பார். இவர் கொடுத்ததில் அந்தப் பெண்களில் ஒருத்தி அழுதேவிட்டாள். அவர் கோயிலுக்குள் போவதே படப்பிடிப்பு இருந்தால் மட்டும்தான் என்பதை நான் அன்று யாருக்கும் மொழிபெயர்க்கவில்லை.

இந்தச் செய்தி மலையிறங்கி அடிவாரத்து ஊருக்குப் போனது. அங்கேதான் என் அக்கா வாழ்க்கைப்பட்டிருக்கிறாள்.

அக்கா மாதர் சங்கத் தலைவி. ஊரில் உள்ள சின்னக் கோயிலின் சிமெண்ட் ஷீட் கூரையைப் போன கோடைக் காற்று பெயர்த்துக்கொண்டுபோய் மரவள்ளிக் கொல்லையில் போட்டிருந்தது. அன்றிலிருந்து பூசை தார்ப்பாய்க்குக் கீழே. வருகிற ஊர்த் திருவிழாவுக்குள் கூரைக்கு வழி செய்யாவிட்டால் ஞாயிறு பூசையைப் பக்கத்துப் பெரிய ஊருக்கு மாற்றிவிடுவதாகச் சாமியார் சொல்லியிருந்தார். மாறினால் இந்த ஊருக்குத் திரும்ப வராது என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்காகக் கூட்டம் கூடியது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், கரும்பும் மரவள்ளியும் போடுகிற வசதிக்காரர், பாதிச் செலவு தன்னுடையது என்று ஏற்கனவே சொல்லியிருந்தார். மற்ற வீடுகளும் ஆளுக்குக் கொஞ்சம் என்று ஒப்புக்கொண்டிருந்தன. இந்த நேரத்தில்தான் அக்கா எழுந்தாள்.

"எதுக்கு எல்லாரும் கஷ்டப்படணும்? வெள்ளிமலைல வந்துக்கிறாரே ஒருத்தரு, அவரும் நம்ம வேதம்தான். என் தம்பி அவர்கூடவேதான் சாப்புட்டுக்கினு கீறான். கூரைய அவரு போட்டுக் குடுப்பாரு. அது என் பொறுப்பு."

நான் டீக்கடையில் படித்த தொகை நான் போகாத அந்தக் கூட்டத்துக்கும் போய்ச்சேர்ந்திருந்தது, வழியில் இன்னும் ஒரு பூஜ்ஜியத்தையும் ஏற்றிக்கொண்டு.

தலைமையாசிரியர் உடனே தன் பாதியைத் திரும்ப எடுத்துக்கொண்டார். அவ்வளவு பெரிய மனிதர் கொடுக்கும்போது நடுவில் நம் சில்லறையைக் கலப்பது அவருக்கு மரியாதை இல்லை என்று விளக்கமும் தந்தார். மற்றவர்களுக்கும் அதே மரியாதை உணர்ச்சி பொங்கியது. ஒரு நாழிகைக்குள் கூரைக்கு இருந்த பணமெல்லாம் மரியாதையாக வீடு திரும்பிவிட்டது. கூட்டத்தில் மிச்சம் இருந்தது அக்காவின் வாக்கு ஒன்றுதான்.

அன்று மாலையே அக்காவின் போன். நான் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். கேட்கவில்லை. அடுத்த நாளும் கேட்கவில்லை. ஒரு மனிதரிடம் கூரை கேட்பதற்கு ஆங்கிலத்தில் எப்படி ஆரம்பிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. வசன கவிதையில் என்றால் மேகத்தில் ஆரம்பித்திருப்பேன்.

அதற்குள் அவர் சொத்து தினமும் வளர்ந்தது. சாப்பாடு பரிமாறும் ஆட்கள், ஜீப் ஓட்டுநர்கள், வேடிக்கை பார்க்க வந்தவர்கள் என்று எல்லோருமே அதன் மதிப்பீட்டாளர்கள். பிஸ்கட்டில் பாதியைக் காகிதத்தில் மடித்து வைத்தார். பணக்காரன் அப்படித்தான் இருப்பான், அதனால்தான் பணக்காரன் என்றார்கள். ஒரே ஸ்வெட்டரை எல்லா நாளும் போட்டார். ஊரில் அதேபோல நூறு இருக்கும் என்றார்கள். யாரோ கொடுத்த பலாச்சுளையைச் சாப்பிட்டுவிட்டுக் கொட்டையைத் துடைத்துப் பையில் போட்டார். அங்கே தோட்டம் போடுகிறார், எத்தனை ஏக்கரோ என்றார்கள். அந்த மனிதர் எதைச் செய்தாலும் ஏறியது. நம்மூரில் ஏழை ஒருவன் பாதி பிஸ்கட்டை மடித்து வைத்தால் அதற்கு வேறு பெயர்.

திருவிழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது அக்கா மலை பஸ்ஸில் வந்து இறங்கினாள். கையில் தூக்குவாளி நிறைய நாட்டுக்கோழிக் குழம்பு. வளைவுகளில் குழம்பு சிந்தாமல் வந்ததே அவள் எந்த உறுதியில் வந்திருக்கிறாள் என்பதைக் காட்டியது.

"இன்னாடா, கேட்டியா?"

நேரம் பார்த்துக் கேட்கலாம் என்று இழுத்தேன்.

"நீ நேரம் பாத்துக்கினே இரு. அங்க பெரிய சாரு தெனம் என் வூட்டு வழியா போறாரு. 'இன்னாம்மா, வெள்ளக்காரரு பொறப்பட்டாரா'ன்னு கேட்டுட்டு சிரிச்சிக்கினே போறாரு. நானே கேக்கறேன், நகரு."

மதிய இடைவேளை. பொய்க் கோயிலின் பின்பக்கம், சவுக்குக் கம்புகளின் நிழலில் அவர் அங்கியை முழங்கால்வரை தூக்கிவிட்டு உட்கார்ந்திருந்தார். அக்கா சுற்றிவளைக்கவில்லை. கும்பிட்டாள், குழம்பைத் திறந்துவைத்தாள், கோயிலுக்குக் கூரை இல்லை, நீங்கள் போட்டுத் தரவேண்டும் என்றாள். எந்தக் கல்லைத் தூக்கினாலும் அந்த வாக்கியத்தின் எடை தெரியாது. நான் அதை மொழிபெயர்த்தேன்.

அவர் தூக்குவாளியைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். கேலிச் சிரிப்பில்லை, தும்மல்போல அடக்க முடியாமல் வந்தது. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னதை நான் துண்டு துண்டாக அக்காவிடம் சொன்னேன். அவருக்குக் கடலோரத்தில் ஒரு பழைய வீடு. கற்பலகை வேய்ந்த கூரை. கடற்காற்று வருடத்துக்குப் பத்துப் பலகையாவது கழற்றிக்கொண்டு போகிறது. படுக்கையறையில் ஒழுகுவதால் இரண்டு வருடமாகச் சமையலறையில் படுக்கிறார். பிரிந்துபோன மனைவிமார் இருவர். கெட்டவர்கள் இல்லை, ஆனால் சம்பாதித்த காலத்துக் காசு அந்த வழியாகப் போய்விட்டது. இணையத்தில் இருக்கும் தொகையை அவரும் பார்த்திருக்கிறார். அந்தப் பணத்தை வைத்திருக்கும் ஆளைக் கண்டால் தனக்கும் சொல்லச் சொன்னார். இந்தப் படத்தில் நடிக்க வந்ததே கூரைக்காகத்தான்.

"இந்தச் சம்பளத்தில் பாதிக் கூரை ஆகும். மீதிப் பாதிக்கு இன்னொரு படத்தில் சாகவேண்டும்" என்றார்.

அக்காவின் முகத்தைப் பார்க்கப் பயந்தேன். அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னிடம் திரும்பினாள்.

"ஒழுவற எடத்துல குண்டான் வெச்சிருக்காரா, பக்கெட்டா, கேளு."

கேட்டேன். பக்கெட் என்றார்.

"பக்கெட்டுல வுழுந்தா சத்தம் ஜாஸ்தி. மனுஷன் எப்படித் தூங்குவாரு? உள்ள ஒரு பழந்துணிய மடிச்சிப் போடச் சொல்லு."

சொன்னேன். அவர் இதுவரை யோசித்ததில்லை என்றார். குழம்பைக் கண்ணில் நீர் வழியச் சாப்பிட்டு முடித்தார். காரம்தான் காரணம் என்று நினைக்கிறேன்.

பஸ்ஸுக்காக வெள்ளிமலைக் கடைவீதியில் நின்றோம். ஞாயிற்றுக்கிழமை நானே வந்து கூட்டத்தில் உள்ளதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன் என்றேன். டீக்கடையில் படித்ததும் நான்தான், அடங்காமல் பெருமை பேசியதும் நான்தான். அக்காவிடமிருந்து திட்டு வரும் என்று காத்திருந்தேன்.

"வாயத் தொறக்காத" என்றாள். "நீ போயி அந்தாளு வூடு ஒழுவுதுன்னு சொன்னா ஒருத்தன் நம்புவானா? வெள்ளக்காரன் குடுத்தத தம்பி அமுக்கிட்டான், அக்காளும் கூட்டுன்னுதான் பேசுவானுங்க."

அது உண்மை. நான் அறிவித்த பொய்யைத் திரும்பப் பெறும் அதிகாரம் எனக்கே இல்லாமல் போயிருந்தது.

பஸ் வளைவில் தெரிந்தபோது அவள் இன்னொன்றும் சொன்னாள். "அவரு பணக்காரரா கீறதால அவருக்கு ஒரு பிரயோசனமும் இல்ல. நமக்காவது ஆவட்டும். திருநாளு அன்னிக்கு லீவு கேட்டு இட்டுக்கினு வா. வந்து நின்னா போதும், பேச வேணாம்."

எங்கள் பக்கத்துக் கோயில்களில் திருவிழாப் பூசை முடிந்ததும் ஏலம் நடக்கும். சனங்கள் காணிக்கையாகக் கொண்டுவந்த சேவல், தேங்காய், வாழைத்தார், பூசணி, எல்லாவற்றையும் வாசலில் வைத்து ஏலம் விடுவார்கள். வழக்கமாக உபதேசியார்தான் ஏலம் விடுவார். கோயிலில் ஜெபம் சொல்லிக்கொடுத்து ஜெபம் சொல்லிக்கொடுத்து அவருக்கு எல்லாமே ஜெபத் தொனியில்தான் வரும். வாழைத்தார் விலை கேட்கும்போது பாதி சனம் 'ஆமென்' சொல்லக் காத்திருக்கும். அக்காவின் திட்டம் எளிமையானது. பொருளைத் தூக்கிக் காட்டுபவர் நடிகர். எடுத்தவர் அவர் கையால் வாங்கிக்கொள்ளலாம். பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளலாம்.

நான் இதை நடிகரிடம் சொன்னேன். இடைவேளைக்குப் பிறகும் உயிரோடு இருப்பேனா என்று மட்டும் கேட்டார். அங்கி போட்டு வரவா என்றும் கேட்டார். வேண்டாம், சட்டை போதும், இல்லாவிட்டால் எங்கள் சாமியாருக்கு மனசு கஷ்டமாகிவிடும் என்று அக்கா ஏற்கனவே சொல்லி அனுப்பியிருந்தாள்.

திருவிழாவன்று காலை நைனார்பாளையத்திலிருந்து வேனில் வந்தார்கள். ரிஷிவந்தியம் பக்கமிருந்தும் வந்தார்கள். வேதக்காரர்களைவிட மற்றவர்கள் ஜாஸ்தி. சாமியார் பிரசங்கத்தில் ஒட்டகம் ஊசியின் காதில் நுழைந்தாலும் செல்வந்தன் பரலோகத்தில் நுழைவது கஷ்டம் என்பதைப் பற்றிப் பேசினார். சனம் முழுக்க முன்வரிசையில் உட்கார்ந்திருந்த செல்வந்தரைப் பார்த்துக்கொண்டிருந்தது. தார்ப்பாய் ஓட்டை வழியாக விழுந்த வெயில் ஒரு ஐந்து ரூபாய் வட்டம்போல அவர் மண்டையில் நின்றது.

ஏலம் தொடங்கியது. ஒருதரம், ரெண்டுதரம், மூணுதரம் என்ற மூன்று வார்த்தைகளை ஜீப்பில் வரும்போது அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தேன். பேசவேண்டாம் என்றுதான் அக்கா சொன்னாள். உபதேசியார் முதல் தேங்காய்க்கு வாய் திறக்கும் முன் அவர் மைக்கை மெதுவாக வாங்கிக்கொண்டார். 'ஒருதரம்' என்றார், தூக்குத் தண்டனை வாசிக்கும் நீதிபதியாக. 'ரெண்டுதரம்', வாசலில் நின்று மன்னிப்புக் கேட்கும் புருஷனாக. பிறகு தேங்காயை ஒருமுறை பார்த்தார். கூட்டத்தை ஒருமுறை பார்த்தார். மூன்றாவது வார்த்தையைச் சொல்லவே இல்லை. அந்த அமைதியைத் தாங்கமுடியாமல் எங்கிருந்தோ ஒருவன் விலையை இரட்டிப்பாக்கினான். நாற்பது வருடமாக எந்த இயக்குநரும் அவருக்குக் கொடுக்காத அவகாசத்தை எங்கள் ஊர் கொடுத்தது. அவர் அதை வீணாக்கவில்லை.

கோடீஸ்வரர் கைபட்ட தேங்காய். அது வீட்டில் இருந்தால் எதுவோ நடக்கும் என்று ஒரு பேச்சு ஏலம் நடக்கும்போதே பரவியது. யார் தொடங்கியது என்று நான் கேட்கவில்லை. அக்கா கூட்டத்துக்குள் தண்ணீர்க் குவளையோடு வேகமாக நடந்துகொண்டிருந்தாள். பூசணிக்காயை ஒரு உரக்கடைக்காரர் எடுத்தார். வாழைத்தாருக்கு இரண்டு மச்சான்கள் சண்டையிட்டு அந்த இடத்திலேயே பேச்சை முறித்துக்கொண்டார்கள்.

கடைசியில் சேவல். சிவப்பும் கறுப்புமான சண்டைக்காரச் சேவல். காலை முதல் மூன்று பேரைக் கொத்தியிருந்தது. நடிகரின் கைக்குப் போனதும் அடங்கிவிட்டது. பண்ணை வீட்டில் பிறந்தவராம், அதை எந்த இணையப் பக்கமும் சொல்லவில்லை. அதற்கு நைனார்பாளையத்து ஜவ்வரிசி மில்காரர் விலை வைத்தார். அதற்கு மேல் தலைமையாசிரியர் வைத்தார். நடிகர் வராமல் அக்கா அவமானப்படுவதைப் பார்க்கத்தான் அவர் வந்திருந்தார். வேடிக்கை பார்க்க ஓரமாக நின்றவர் எப்படி முன்னால் வந்தார் என்பது அவருக்கே தெரிந்திருக்காது. வெளியூர்க்காரன் ஒருவன் நம் கோயிலில், நம் எதிரில், அந்த மனிதரோடு படம் எடுத்துக்கொண்டு போவதா? மில்காரர் ஏற்ற, இவர் ஏற்ற, கறவைப் பசுவின் விலையையும் தாண்டியது. நடிகர் ரெண்டுதரத்துக்கும் மூணுதரத்துக்கும் நடுவே சேவலின் தலையைத் தடவிக்கொண்டு நின்றார். மில்காரர் கையை விரித்தார்.

தலைமையாசிரியர் கொடுத்தது, முன்பு தருவதாகச் சொன்ன பாதியைவிட ஜாஸ்தி.

படப்பிடிப்பு முடிந்து அவர் போன வேனில் ஒரு மூட்டை சாமையும், கெட்டியாகத் தைத்த பழந்துணி மடிப்புகள் நாலும் போயின. மழைக்கு முன்பே நீலநிறத் தகரக் கூரை ஏறியது. ஞாயிறு பூசை ஊரிலேயே தங்கியது. இதையெல்லாம் அக்காவிடம் அனுமதி கேட்டுத்தான் எழுதுகிறேன். "இப்ப எழுதிக்கோ, கூரைய எவனும் பிரிக்கமாட்டான்" என்றாள்.

பிரச்சினை, பெயிண்டர் வந்த அன்று வந்தது. கூரை யார் உபயம் என்று வாசல் நெற்றியில் எழுதவேண்டும். அக்கா நடிகரின் பெயரைத் தமிழில் எழுதி வாங்கி வைத்திருந்தாள். பெயிண்டர் ஏணியில் ஏறும்போது தலைமையாசிரியர் வந்துவிட்டார். நான் அன்று அங்கே இருந்தேன்.

"இன்னாம்மா இது? பணம் யாருது? அந்தாளு ஒரு ரூபா குடுத்தாரா?"

"அவரு குடுப்பாருன்னு சொன்னேன், கூரை வந்துது. நான் சொன்ன சொல்லு அது."

"ஜாஸ்தி குடுத்தவன் நானு. எம்பேர எழுதச் சொல்லு."

அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். அவ்வளவு விலைகொடுத்து வாங்கியதைக் குழம்பு வைக்க மனமில்லாமல் அவர் அந்தச் சேவலை வளர்த்துக்கொண்டிருப்பது ஊருக்கே தெரியும்.

"நீங்க குடுத்தது சேவலுக்குங்க சார். அது இன்னும் உசுரோடதான கீது? அது மேல எழுதிக்குங்க."

பெயிண்டர் ஏணியில் நின்றபடி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தூரிகையை டப்பாவில் நனைத்து, அயர்லாந்துக்காரரின் பெயரில் முதல் எழுத்தை ஆரம்பித்தார்.